பிரிட்டிஷ் சீஸுக்கும் பெரிய எழுத்து

பாரிஸில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இறந்தகாலம், எதிர்காலம் எல்லாவற்றையும் என் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். 'நீங்கள் எந்த நாட்டவர்?' பாடம் வந்தால்தான் புரட்சி வெடிக்கும். அதில் அவர்களுக்கு 1789 முதலே கை தேர்ந்த பழக்கம்.

பிரெஞ்சில் இதற்குச் சட்டதிட்டம் உண்டு. ஆண் 'ஃப்ரான்ஸே', பெண் 'ஃப்ரான்ஸேஸ்'. ஆளைக் குறிக்கும் பெயராக வந்தால் முதல் எழுத்து பெரியது; அடைமொழியாக வந்தால் சின்னது. மொழியின் பெயருக்கும் சின்னதே. ஆங்கிலமோ அடைமொழியில் ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து கேட்கும்.

"பிரிட்டிஷ் சீஸுக்குமா?" என்றார் ஓர் அம்மாள். அந்தக் குரலில் இருந்த வேதனையை எந்த இலக்கணப் புத்தகமும் தீர்க்காது.

ஆனாலும் போட்டுத்தான் ஆகவேண்டும். போலந்துக்காரர் தான் 'போலிஷ்' என்பதைச் சின்ன எழுத்தில் எழுதினால், அது ஷூவுக்குப் போடும் பாலிஷ்.

பெரிய வம்பு ஆளைச் சொல்லும்போதுதான். ஸ்பெயின் சமையல் 'ஸ்பானிஷ்', சமைப்பவர் 'ஸ்பானியர்ட்'. துருக்கிக் காப்பி 'டர்கிஷ்', குடிப்பவர் 'டர்க்'. டென்மார்க்காரர் 'டேன்'. அவரை 'எ டேனிஷ்' என்றால் காப்பியோடு தின்னும் இனிப்புப் பலகாரம் என்று அர்த்தம்; மனிதரை உயிரோடு பேக்கரி அலமாரியில் ஏற்றியாயிற்று. நெதர்லாந்துக்காரர் 'டச்மேன்'. நாட்டின் பெயரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ஃப்ரெஞ்ச்மேன்' பலரானால் 'ஃப்ரெஞ்ச்மென்' என்று கற்றுக்கொண்ட ஒருவர், ஜெர்மானியர் பலரை 'ஜெர்மென்' ஆக்கினார். அவர் தர்க்கத்தில் குறையே இல்லை. மார்க்தான் போட முடியவில்லை.

நமக்கு இந்தத் தலைவலி கிடையாது. பால்காரர், வீட்டுக்காரர், ஜப்பான்காரர்: ஒரே 'காரர்' உலகத்தையே சமாளித்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து சண்டையும் இல்லை. இதை வகுப்பில் சொன்னதும் இருவர் தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்தார்கள். ழகரத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

விருந்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு விடுப்பு' என்பார்கள். அதையே பிரெஞ்சுக்காரர்கள் 'இங்கிலீஷ் பாணியில் நழுவுவது' என்பார்கள். இந்தப் பாடத்தின் நடுவில் பின்வரிசை செய்வதும் அதுதான். அது எந்த நாட்டு வழக்கம் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்குவதில்லை. வருகைப் பதிவேட்டில் 'ஆப்ஸென்ட்' போட்டுவிடுகிறேன்.