நல்ல சூது, கெட்ட சூது

சூதாட்டம் குடியைக் கெடுக்கும் என்ற ஞானம் ஆஸ்திரேலிய அரசுக்கு 2007இல் பிறந்தது. அதுவும் வடக்குப் பிரதேசத்தின் பூர்வகுடி ஊர்களைப் பார்த்தபோது மட்டும். பிள்ளைகளைக் காக்கிறோம் என்று ராணுவத்தை அனுப்பினார்கள். இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் குறுக்கே நிற்காதபடி ஒதுக்கி வைத்தார்கள். உதவித்தொகையில் பாதியை முடக்கி, பிறகு அந்தப் பாதியை ஒரு பச்சை அட்டையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் மாவு வாங்கலாம். சாராயம், சிகரெட், சூது கூடாது. வாழ்நாளில் சீட்டைத் தொடாத கிழவிக்கும் அதே அட்டைதான்.

அந்தப் பிரதேசத்தின் தலைநகர் டார்வின். நாட்டின் பெரிய ஆன்லைன் பந்தயக் கம்பெனிகளுக்கு உரிமம் வழங்கும் புண்ணியத்தலம். வரிக்கு உச்சவரம்பு கட்டி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அது சூதல்ல, தொழில் வளர்ச்சி!

பூர்வகுடிகள் மரத்தடியில் துணி விரித்து, வட்டமாக உட்கார்ந்து ஆடும் சீட்டுதான் சூது. அதே பிரதேசத்தின் ஆர்னம் நிலத்தில் அந்தச் சீட்டை ஆராய்ந்து மானிடவியலாளர் ஜான் ஆல்ட்மன் 1985இலேயே எழுதிவிட்டார்: பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. சொற்ப உதவித்தொகையில் எந்தக் காலத்திலும் வாங்க முடியாத பெரிய பொருளை, ஜெயித்தவர் மொத்தமாகக் கிடைத்த காசில் வாங்கலாம். ஜெயித்த காசில் சொந்தக்காரருக்கும் பங்குண்டு. சும்மா சொல்லக்கூடாது, விடிய விடிய ஆடிய வீட்டில் பிள்ளை பட்டினி கிடப்பதும் நடக்கிறது. அதை மறைப்பவன் அவர்களுக்கு நண்பனல்ல.

ஆனால் மதுக்கடையில் மினுங்கும் போக்கி என்ற சூதாட்ட இயந்திரத்துக்குச் சொந்தபந்தம் கிடையாது. விழுங்கிய காசு ஊருக்குத் திரும்பாது. தப்பு, திரும்புகிறது: இயந்திர வருமானத்தில் கிள்ளி எடுத்துச் 'சமூக நல நிதி' தருகிறார்கள். பையைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குச் சில்லறை தரும் வள்ளல்கள். இயந்திரங்களில் கொட்டப்படும் பணத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் சூதுக்கு அடிமையானவர்களுடையது என்று அரசின் சொந்த ஆணையமே 2010இல் கணக்குச் சொன்னது. பொத்தானை ஒரு முறை தட்ட ஒரு டாலர்தான் உச்சம் என்று வையுங்கள் என்றது. கேட்பாரில்லை. பந்தய விளம்பரங்களை மூன்றாண்டில் அடியோடு நிறுத்தச் சொல்லி 2023இல் பீட்டா மர்ஃபி தலைமையிலான நாடாளுமன்றக் குழு ஒருமனதாக அறிக்கை தந்தது. அவர் அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். 2024 முடிந்தும் சட்டம் வரவில்லை. பூர்வகுடியின் பணத்தை முடக்கச் சில வாரம் போதும். கம்பெனியின் விளம்பரத்தைத் தொட மட்டும் ஆலோசனை மேல் ஆலோசனை.

வருமானத்தில் பாதியை முடக்குவதுதான் மருந்தென்றால், ஐயா மந்திரிமாரே, டார்வின் உரிமதாரர்களிடம் தொடங்குங்கள். அவர்களுக்கு அட்டை அச்சடிக்கும் செலவை நான் தருகிறேன்.