டெமரேஜ் ஏறுது

நேற்று மத்தியானத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை மேல்தான் கோபம். டெமரேஜ்.

துபாய் வேலையை முடித்துக்கொண்டு எண்ணூருக்குத் திரும்பிய என் மச்சினன், அங்கிருந்து ஒரு சோபாவையும் பழைய வாஷிங் மெஷினையும் கப்பலில் போட்டு அனுப்பினான். சரக்கு வந்து தண்டையார்பேட்டை குடோனில் இறங்கிவிட்டது. அவன் பாஸ்போர்ட்டோடு வர வேண்டும், அவ்வளவுதான். "நாளைக்கு வரேன் மாமா" என்று ஒன்பது நாள் சொன்னான். கிளியரிங் ஏஜென்ட் நேற்று பில்லை என் கையில் கொடுத்தார். டெமரேஜ் 11,400 ரூபாய். அந்த சோபாவைப் பழைய சாமான் கடையில் போட்டால் 4,000 தேறாது.

"இன்னும் ஏறுது சார், சீக்கிரம் எடுங்க" என்றார். ஜுரம் மாதிரி, வட்டி மாதிரி, பித்தம் மாதிரி, நம்மூரில் டெமரேஜும் ஏறத்தான் செய்யும்.

ராத்திரி தூக்கம் வராமல் டிக்‌ஷனரியை எடுத்தேன். லத்தீனில் 'மோரா' என்றால் தாமதம். அது பிரெஞ்சுக்காரன் வாயில் 'தங்கு' என்றாகி, இங்கிலீஷ்காரன் கையில் அபராதமாகிவிட்டது. 2020 கொரோனாவில் பேங்க் தவணைக்குக் கொடுத்தார்களே மொரட்டோரியம், அதுவும் இந்த மோராவின் பேத்திதான். அதிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது, குடும்பப் புத்தி. கப்பலை வாடகைக்கு எடுத்தவன் பேசிய நாளுக்குள் சரக்கை ஏற்றி இறக்காவிட்டால் கப்பல்காரனுக்கு டெமரேஜ் தர வேண்டும். முன்னாலேயே முடித்துவிட்டால் கப்பல்காரன் இவனுக்குத் தருவான். அதற்கு டெஸ்பாட்ச் என்று பேர், வழக்கமாக டெமரேஜில் பாதி. ரயில்வேயிலும் வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் உண்டு. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை வாலாஜா ரோடுக்கு அனுப்பிய ராயபுரத்தில் பிறந்தவன் நான். எனக்கு இதெல்லாம் பில் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். இரும்புப் பெட்டி சும்மா நின்றால் காசு. மனுஷன் நின்றால்? "வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறோமே, அதற்கு யார் பில் போடுவது? நான் போடுகிறேன். முதல் 15 நிமிஷம் ஃப்ரீ. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் இன்னும் 20 நிமிஷம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை என்றால் அன்றைக்கு முழுக்க ஃப்ரீ, பாவம். அதற்கு மேல் பத்து நிமிஷத்துக்கு ஒரு டீ. அரை மணி தாண்டினால் டீயோடு சமோசா. முகூர்த்தத்தை விட்டுவிட்டுப் பந்திக்கு மட்டும் வருகிறவனுக்கு மொய் இரட்டிப்பு. மொய் எழுதிவிட்டு முதல் பந்தியிலேயே கிளம்புகிறவனுக்கு டெஸ்பாட்ச், தாம்பூலப் பையில் இன்னொரு தேங்காய். வீட்டில் வந்து தங்குகிற சொந்தக்காரர்களுக்கு ரேட் யோசிக்கவே வேண்டாம். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்று பெரியவர்கள் ஃப்ரீ டேஸை எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நாலாம் நாள் ரேட்டை மட்டும் சொல்லாமல் போனார்கள். அதை என் மனைவி காபியில் பாலைக் குறைத்து வசூலிக்கிறாள். காசிமேட்டில் கணக்கு தலைகீழ்: வெயில் ஏற ஏற வஞ்சிரம் விலை இறங்கும், காத்திருப்பவனுக்கு லாபம். அந்த மீனோடு வீட்டுக்குப் போனால் எனக்கு ஏறும், அது வேறு.

நானும் யோக்கியன் இல்லை. இந்தப் பக்கத்துக்கான கட்டுரையை ஆசிரியர் போன வாரமே கேட்டார். "முடிச்சுட்டேன் சார், கடைசி வரிதான் பாக்கி" என்றேன். தலைப்புகூட அப்போது கிடையாது. அதற்காக என் மச்சினனை மன்னித்துவிட முடியுமா? முடியாது. என்னால் ஆசிரியருக்கு நஷ்டம் நாலு திட்டு. இவனால் எனக்கு 11,400.

இப்போது காலை பதினொன்று. குடோன் வாசலில் நின்றுகொண்டு மச்சினனுக்குப் போன் போட்டேன். "டோல்கேட் தாண்டிட்டேன் மாமா" என்கிறான். பின்னால் அவன் வீட்டுக் குக்கர் மூணாவது விசில் அடிக்கிறது.