சம்பந்திகளும் ஒரு நாற்காலியும்

நேற்று சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கிற நேரம். ஒரு பெரியம்மா என் மாமனாரைப் பார்த்து, "இத்தாலிக்கெல்லாம் போயிட்டு வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, கொஞ்சம் யோசித்து, "உக்கார எடமில்லாத ஊருங்க" என்றார். பக்கத்து நாற்காலியில் என் அம்மா. சம்பந்தி சொல்லி எதையும் மறுத்துப் பழக்கமில்லை அம்மாவுக்கு. "ஆமா, பூராவும் இடிஞ்சு கெடக்கு. சரி பண்ண ஆளில்ல போல" என்று தன் பங்கையும் சேர்த்தாள்.

அன்று காலையில்தான் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. பயணக் கடனில் பன்னிரண்டு தவணை, அதில் இரண்டாவதைப் பிடித்திருந்தார்கள். கொலோசியம் கி.பி. 80-இல் திறந்தது, பூகம்பம் பார்த்தது, கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு கட்டடம் கட்டியிருக்கிறார்கள், இடியாமல் என்ன செய்யும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு பாயசத்துக்குப் போய்விட்டது. ராத்திரி பூராவும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"பெரியவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிரலாமே" என்று முதலில் சொன்னது நானா என் வீட்டுக்காரரா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. கட்டிக்கொண்டு போன புளிக்காய்ச்சல், ரைஸ் குக்கர், நாலு கிலோ பொன்னி அரிசி எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே நாற்காலி விஷயத்தைச் சொல்லத்தான். ஆனால் ஆட்களை முதலில் சொல்லாவிட்டால் அது விளங்காது.

மாமனாருக்கு 71 வயது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பில் சர்க்கரை. அம்மாவுக்கு 66. முழங்கால் இரண்டும் தகராறு. மாமியாரும் இல்லை, என் அப்பாவும் இல்லை. பையனுக்கு ஏழரை, பெண்ணுக்கு மூன்று. நான், இவர். ஆக ஆறு பேர்.

இத்தாலியில் காப்பிக்கு இரண்டு விலை. நின்று குடித்தால் ஒன்று, உட்கார்ந்து குடித்தால் ஒன்று. ரோமில் நாங்கள் தங்கிய வீட்டுக்குக் கீழே இருந்த கடையில் நின்றால் 1 யூரோ 20 சென்ட், உட்கார்ந்தால் 4 யூரோ. அதே காப்பி, அதே கோப்பை, போடுகிற ஆளும் அதே ஆள். வித்தியாசம் முழுக்க நம் பின்பக்கத்தில் இருக்கிறது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் உட்கார மட்டும் 280 ரூபாய். அந்தக் காசுக்கு ஊரில் ஸ்டூலே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கவலையில்லை. வருகிறார்கள், நின்றபடி மூன்று மடக்கு, போய்விடுகிறார்கள். காப்பியும் உத்தரணித் தீர்த்தம் அளவுதான். மாமனார் எதையும் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறவர். முதல் நாள் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார். பாதி மீசையோடு முடிந்துவிட்டது. 'பால் நிறைய' என்ற பொருளில் நான் 'லாத்தே' என்று கேட்க, வெறும் பாலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஊர் மொழியில் லாத்தே என்றால் பால்தானாம். நம்மூர் மால் கடைகளை நம்பிப் போனால் இப்படித்தான்.

இவர் ஒரு கணக்குப் போட்டார். ஆறு பேரும் உட்கார்ந்தால் கட்டாது. முடியாதவர் ஒருவருக்கு மட்டும் உட்காரும் விலை கொடுப்போம், மற்றவர்கள் நிற்போம். கணக்கில் தப்பில்லை. முடியாதவர்கள் இரண்டு பேர் என்பதும், அவர்கள் சம்பந்திகள் என்பதும்தான் அதில் வரவில்லை.

"உக்காருங்க சம்பந்தி."

"நீங்க உக்காருங்கம்மா. நான் முப்பத்து மூணு வருசம் ஓடுற பஸ்ல நின்னவன்."

"ஆம்பள நிக்க நான் உக்கார்றதா? நல்லாருக்கே."

"முட்டி வலியோட எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"உங்களுக்குச் சுகரு. கால் வீங்கிரும்."

சர்க்கரை பெரிதா முழங்கால் பெரிதா என்ற வாதம் அரைமணி நேரம் நடக்கும். நாற்காலி சும்மா கிடக்கும். அதற்கு நாங்கள் 280 ரூபாய் கொடுத்திருக்கிறோம். கடைசியில் மூன்று வயது, செருப்புக் காலோடு அதில் ஏறி நின்று, இருக்கிற சர்க்கரைப் பொட்டலங்களை எல்லாம் பிரிக்கும். பதினொரு நாளும் இதே நாடகம், ஊர் மட்டும் மாறியது. நான் ஒரு நாள் பொறுக்காமல், "யாராவது ஒருத்தர் உக்காருங்களேன்" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, "ஏம்மா, உனக்குக் கால் வலிக்குதா? நீ உக்காரு" என்றார்கள்.

காசில்லாமல் உட்காரலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. ஸ்பானியப் படிகள் என்று ரோமில் ஓர் இடம், 135 படி, 1720-களில் கட்டியது. மாமனாருக்குத் தெப்பக்குளத்துப் படித்துறையைக் கண்ட சந்தோஷம். துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் படியில் உட்கார்ந்தால் 250 யூரோ அபராதம். 2019-லிருந்து சட்டம். காவலர் ஒற்றை விசில் அடித்தார். மாமனார் எழுந்து அசையாமல் நின்றார். காவலர் மறுபடி இரண்டு விசில் அடித்தார். மாமனார் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம் எங்கே போகும்? நாங்கள் ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

வாடிகனில் சிஸ்டைன் சேப்பலில் சுவர் ஓரமாகக் கல் திண்ணை போட்டிருக்கிறார்கள். காசு கிடையாது. மேலே மைக்கேலாஞ்சலோ வரைந்த விதானம். அதை அவர் மல்லாந்து படுத்து வரைந்தார் என்பது சினிமா பரப்பிய கதை. சாரத்தில் நின்றபடி, கழுத்தை ஒடித்துக்கொண்டு, 1508-லிருந்து 1512 வரை வரைந்திருக்கிறார். உடம்பு படும் பாட்டைப் புலம்பிக் கவிதையே எழுதி வைத்திருக்கிறார். இதை மாமனாரிடம் சொன்னது என் தப்பு. "பாத்தீங்களா, அவரே நின்னுருக்காரு. நீங்க உக்காருங்கம்மா" என்றார். திண்ணையில் காலியாக இருந்தது ஓர் ஆள் அகலம். அம்மா மறுத்தாள். அவர் வற்புறுத்தினார். "அமைதி, அமைதி" என்று காவலர்கள் சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டவர்கள் அவர்களும் எங்கள் வீட்டாரும்தான். இதற்குள் முதுகுப்பையோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அதில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டான். அன்று விதானத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பையனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனாருக்கு அந்த நாட்டில் பிடித்தது இரண்டு. ஒன்று, ரோமில் தெருவுக்குத் தெரு இருக்கும் இரும்புக் குடிநீர்க் குழாய். பேர் நாசோனே, அதாவது பெரிய மூக்கு. நீர் விழும் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டையில் பீய்ச்சும், குனியாமலே குடிக்கலாம். அண்ணாந்து குடிக்கிறவருக்கு அது போதாதா? இரண்டாவது, ரயில் நிலையத்து மெஷின். பாசஞ்சர் ரயிலுக்கு வாங்கிய காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நாமே அதில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், தவறினால் அபராதம். "கண்டக்டர் வேலைய ஜனங்ககிட்டயே குடுத்துட்டானா?" என்று முதலில் பொருமினார். பிறகு எங்கள் டிக்கெட்டோடு நிற்காமல், விழித்துக்கொண்டு நின்ற முன்பின் தெரியாதவர்கள் டிக்கெட்டையும் வாங்கிக் குத்திக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு கிழவி இத்தாலிய மொழியில் நன்றி சொன்னாள். "உள்ள தள்ளிப் போங்கம்மா" என்றார் தமிழில்.

அடுத்து ஃபுளோரன்ஸ். அங்கிருந்து இரண்டாம் நாள் பீசா போனோம். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சாய்ந்த கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள் என்பது வாசலில் போய்த்தான் எனக்கு உறைத்தது. கோபுரத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு வருகிறேன் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்தவன் பையன். புல்வெளியில் புரண்டு அழுதான். மாமனார் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 1173-இல் கட்ட ஆரம்பித்து மூன்றாம் மாடி வரும்போதே ஒரு பக்கம் மண் இளகிச் சாய்ந்தது, 1990-இல் மூடி, மண்ணை எடுத்துக் கொஞ்சம் நிமிர்த்தி, 2001-இல் திறந்தார்கள் என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "பாவம், எண்ணூறு வருசமா அதுவும் உக்காரப் பாக்குது. விட மாட்டேங்கான்" என்றார்.

அம்மா சைவம். ஆம்லெட் போட்ட வாணலியில் போட்ட தோசையைத் தொடமாட்டாள். பாஸ்தாவின் மேலே துருவிப் போடும் பார்மசான் சீஸ் மட்டும் மிகவும் பிடித்துப்போயிற்று. "நல்ல மணமா இருக்கு, கெட்டித் தயிரு காஞ்ச மாதிரி" என்று தயிர்சாதத்தில்கூடத் தூவிக்கொண்டாள். அதற்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். வரும்போது அரைக் கிலோ வாங்கி வந்து, ஒரு துண்டு கோயில் குருக்கள் வீட்டுக்கும் கொடுத்திருக்கிறாள். இந்தப் பத்திரிகை அம்மா வீட்டுக்கு வருவதில்லை.

வெனிஸ் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 400-க்கு மேல் பாலம், அநேகமாக எல்லாவற்றுக்கும் படி. ஒரு பக்கம் ஸ்ட்ரோலர், ஒரு பக்கம் அம்மாவின் முழங்கால். சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையில் உட்காரக் கூடாது, புறாவுக்குத் தீனி போடக் கூடாது. காக்காய்க்கு வைக்காமல் சாப்பிடாத அம்மா கையில் முறுக்கோடு நின்றாள். அங்கே ஒரு கடையில் நாற்காலிக்குத் தனி, வயலின் வாசிப்பதற்குத் தனி. காதைப் பொத்திக்கொண்டால் குறைப்பார்களா என்று இவர் கேட்கப் போனார், நான் தடுத்தேன். கோண்டோலாப் படகு அரைமணிக்கு 90 யூரோ, ஐந்து பேர்தான் ஏறலாம். நாங்கள் ஆறு. "நான் கரையில நிக்கேன்" என்றார் மாமனார். "அவர் நிக்கும்போது நான் மட்டும் எப்படிப் போறது?" என்று அம்மாவும் இறங்கிவிட்டாள். ஐந்து பேர் படகில் நாலு பேர் போனோம். பாலத்துக்கு அடியில் போகும்போது அண்ணாந்து பார்த்தேன். ஆளுக்கொரு முனையில் நின்று, நாங்கள் போவதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் இவர் ஒரு கடையில் மடக்கு ஸ்டூல் வாங்கியிருந்தார். மீன் பிடிக்கிறவர்கள் உட்காரும் சின்ன ஸ்டூல், 15 யூரோ. பெட்டி எடை இடிக்கும் என்று ஒன்றுதான். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உக்காரட்டுமே" என்றார். இத்தனை நாளாக இந்த மனிதர் எங்கேதான் இருந்தார்?

ஸ்டூல் இப்போது எங்கள் பால்கனியில் இருக்கிறது. மாமனார் வந்தால் சம்பந்தியம்மாவுக்கு வேண்டியிருக்கும் என்கிறார். அம்மா வந்தால் சம்பந்தி வந்தால் உட்காருவார் என்கிறாள். அதன் மேல் துணிக்கிளிப்புக் கூடையை வைத்திருக்கிறேன்.