ஏபி எத்தனை, எது, எதற்கு?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்துவிட்டால், நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைப் பேச்சே மாறிவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏபி பற்றியவை. ஊரிலிருந்து படிக்கும் தாத்தா பாட்டிகளுக்காக: ஏபி என்பது கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பள்ளியிலேயே நடத்தப்படும் பாடம். காலேஜ் போர்டு என்ற அமைப்பு மே மாதத்தில் தேர்வு வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும்.

கே: எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் 12 ஏபி முடிக்கிறான். என் மகளுக்கு 6 தான். பின்தங்கிவிட்டாளா? (எடிசன், நியூ ஜெர்சி)

அவன் வேறு பள்ளி என்றால், இல்லை. அதே பள்ளி என்றால், அப்போதும் அநேகமாக இல்லை.

விண்ணப்பத்தோடு பள்ளிக் கவுன்சிலரின் அறிக்கை ஒன்றும் போகிறது. அதில் ஒரு கேள்வி உண்டு: இதே பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம்? உச்சக் கடினத்திலிருந்து சராசரிக்குக் கீழ் வரை ஐந்து கட்டங்கள். ஒன்றில் அவர் டிக் அடிப்பார். ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது பக்கத்து வீட்டை அல்ல, கவுன்சிலரை. “இந்தப் பள்ளியில் மேல் கட்டத்தில் டிக் விழ என்ன எடுத்திருக்க வேண்டும்?” என்று நேராகவே கேளுங்கள். சில பள்ளிகளில் அதற்கு 5 ஏபியே போதும், சிலவற்றில் போதாது.

இன்னொன்று. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வெளிநாட்டு மொழி ஆகிய ஐந்தையும் நல்ல தரத்தில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து படித்த மாணவிக்கு இருக்கும் கனம், எளிதாகக் கிடைத்த ஏபிகளை எண்ணிக்கைக்காகச் சேர்த்தவருக்கு இராது. 12-ஐ விட அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

கே: ஏபியில் ‘பி’ நல்லதா, சாதாரண வகுப்பில் ‘ஏ’ நல்லதா? (நேப்பர்வில், இல்லினாய்)

பிடித்த பாடம் என்றால் ஏபியில் ‘பி’. மூன்று பாடங்களில் ‘சி’ வரும் என்று தெரிந்தால் ஒன்றையாவது குறையுங்கள்.

கே: யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களுக்கு 9ஆம் வகுப்பிலேயே ஏபி தொடங்கினால் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) ஏறுமா? (ஃப்ரிமான்ட், கலிஃபோர்னியா)

ஏறாது. யூசி தன் ஜிபிஏவை 10, 11ஆம் வகுப்புப் பாடங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஏபி போன்ற பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. ஆனால் உச்சவரம்போடு கணக்கிடும் ஜிபிஏவில் 8 செமஸ்டர்களுக்கு மேல் கிடையாது, அதிலும் 10ஆம் வகுப்பிலிருந்து 4 தான். அதாவது மொத்தத்தில் முழு ஆண்டுப் பாடங்கள் நான்கு. ஐந்தாவது ஏபியும் ஒன்பதாவது ஏபியும் அந்த எண்ணைத் தொடாது. எடுத்த பாடங்களின் மொத்தக் கடினத்தையும் அவர்கள் படித்துப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 14 வயதுப் பிள்ளையைப் புள்ளிக்காக ஏபியில் தள்ளுகிறீர்கள் என்றால், அந்தப் புள்ளி அங்கே இல்லை. யூசி இப்போது சேர்க்கைக்கு எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதால் வகுப்பறை மதிப்பெண்தான் அங்கே பெரிய சொத்து. 9ஆம் வகுப்பை அடித்தளம் போடப் பயன்படுத்துங்கள்.

கே: மகள் ஆறு வருடமாக வயலின் வாசிக்கிறாள். ஆர்கெஸ்ட்ரா வகுப்புக்குக் கூடுதல் புள்ளி இல்லாததால் ரேங்க் குறைகிறது, விட்டுவிடு என்கிறார்கள். விடலாமா? (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

இந்தக் கேள்வி என்னை வருத்தியது. ஏனென்றால் உங்களிடம் சொன்னவர்களின் கணக்கு சரி. கூடுதல் புள்ளி இல்லாத பாடத்தில் முழு ‘ஏ’ வாங்கினாலும் சராசரி கீழே இறங்குகிறது. பிள்ளை நன்றாக வாசித்ததற்குத் தண்டனை!

பின்னணி இது. 1997-ல் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டது: பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் ஏழைப் பகுதிப் பிள்ளைக்கும் கதவு திறந்த நல்ல சட்டம் அது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் (யூடி) மட்டும் வரம்பைச் சுருக்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு முதல் 5 சதவீதம் என்று நிறுத்தியிருக்கிறது. போட்டி நிறைந்த புறநகர்ப் பள்ளிகளில் அதனால்தான் தசமப் புள்ளிக்குப் பின்னே மூன்றாவது இலக்கத்துக்குச் சண்டை நடக்கிறது.

ஆனால் தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம். கேட்ட துறையில் இடம் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸோ பொறியியலோ வேண்டுமென்றால் அந்தத் துறை விண்ணப்பத்தை முழுமையாகப் படித்துத்தான் முடிவு செய்யும். அங்கே ஆறு வருட வயலின் பேசும். ரேங்குக்காக நுழைத்த பாடம் பேசாது. அவள் 5 சதவீதத்தின் விளிம்பில் இருந்தால் கவுன்சிலரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். விளிம்பில் இல்லையென்றால் வயலினைத் தொடாதீர்கள்.

கே: ஏபி கால்குலஸில் ‘AB’ பாடமா, ‘BC’ பாடமா? (சியாட்டில், வாஷிங்டன்)

கணிதம் பிடித்த, பொறியியல் நினைப்பில் இருக்கும் பிள்ளைக்கு ‘BC’. ‘AB’-யில் உள்ளதெல்லாம் அதிலும் உண்டு. தொடர்கள் போன்ற பகுதிகள் கூடுதல். முன்கால்குலஸில் திணறிய பிள்ளைக்கு ‘AB’. இரண்டுமே மரியாதையான பாடங்கள்.

கே: ஏபி மதிப்பெண்ணால் கல்லூரிக் கட்டணம் மிச்சமாகும் என்கிறார்களே? (அட்லாண்டா, ஜார்ஜியா)

கல்லூரியைப் பொறுத்தது. பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் 3 வாங்கினாலே பாடக் கிரெடிட் தருகின்றன. அங்கே ஒரு செமஸ்டர் மிச்சமாவது நடக்கக்கூடியதுதான். கட்டணத்தை எண்ணி எண்ணிக் கட்டும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. எம்ஐடி, கால்குலஸ் ‘BC’-யில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் 2014-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நிறுத்திவிட்டது.

பலர் கவனிக்காதது: 12ஆம் வகுப்பு ஏபி தேர்வு நடப்பது மே மாதம், மதிப்பெண் வருவது ஜூலை. கல்லூரிகளின் முடிவு மார்ச் கடைசிக்குள் பெரும்பாலும் வந்துவிடும். எனவே அந்த ஆண்டின் தேர்வு கிரெடிட்டுக்கு உதவும், சேர்க்கைக்கு உதவாது. சேர்க்கைக்கு உதவுவது வகுப்பும் அதில் வாங்கும் கிரேடும்தான். இடம் கிடைத்த பிறகு கிரேடு சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் கல்லூரிக்கு உண்டு.

கே: எங்கள் ஊர்ப் பள்ளியில் இருப்பதே நான்கு ஏபிதான். கால்குலஸ் இல்லை. எனக்கு வாய்ப்பு இல்லையா? (11ஆம் வகுப்பு மாணவர், கான்சஸ்)

இருக்கிறது தம்பி. உன் விண்ணப்பத்தோடு உன் பள்ளியைப் பற்றிய குறிப்பும் போகிறது. பந்தியில் பரிமாறாததை ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். பரிமாறியதை விட்டுவிட்டாயா என்றுதான் பார்ப்பார்கள். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் எடுக்க முடியுமா என்று விசாரி. பல இடங்களில் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, சில இடங்களில் இலவசம். வகுப்பில் சேராமலேயே ஏபி தேர்வு எழுதவும் அனுமதி உண்டு. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் கட்டாயமாக்கியிருந்த கால்டெக்கே, அவை கிடைக்காத பள்ளிகளின் மாணவர்கள் இணையவழியில் படித்துத் தேர்ச்சி காட்டலாம் என்று 2023-ல் வழி திறந்தது.

கே: ஏபி தமிழ் உண்டா? (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

இல்லை. சீனம், ஜப்பானியம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், லத்தீன் உண்டு. ஆனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை வெளிநாட்டு மொழிக் கிரெடிட்டாக ஏற்கும் பள்ளி மாவட்டங்கள் உள்ளன. உங்கள் மாவட்டம் ஏற்கிறதா என்று 9ஆம் வகுப்பிலேயே கேளுங்கள். ஏற்காவிட்டால் பெற்றோர்கள் சேர்ந்து மனு கொடுங்கள். ஏற்கும் மாவட்டங்களிலும் யாராவது முதலில் கேட்டிருப்பார்கள்.

கே: 11ஆம் வகுப்பில் 6 ஏபி. இரவு 2 மணிக்குத்தான் தூங்குகிறேன். ஒன்றை விடலாம் என்றால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. (கேரி, வட கரோலினா)

இந்தப் பதில் உன் அப்பாவுக்கு.

ஐயா, 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் பிள்ளைக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. ஐந்து ஏபியோடு நன்றாகத் தூங்கி வகுப்புக்குப் போகும் பிள்ளைதான் நல்ல கிரேடும் வாங்கும், ஆசிரியரிடம் மனதாரப் பரிந்துரைக் கடிதமும் வாங்கும். பாடத்தை விடுவதற்குப் பள்ளியில் கடைசித் தேதி ஒன்று உண்டு; அது தாண்டினால் டிரான்ஸ்கிரிப்டில் குறிப்பு விழலாம். இந்த வாரமே கவுன்சிலரிடம் நேரம் வாங்குங்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். எந்தப் பாடத்தை விடுவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.