அடுத்த வசனம் அறிந்தவர்

கச்சான் காற்று வீசத் தொடங்கி, திருகோணமலைப் பட்டினத்து மதில்களெல்லாம் பகல் முழுதும் உண்ட வெயிலை இரவிலே உமிழ்கின்ற வைகாசி, ஆனி மாதங்களில், இளைஞர் சிலர் கூடிப் புதிய நாடகமொன்றை ஏதேனும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அரங்கேற்றுவார்களாயின், இரண்டாம் வரிசையின் நடுக் கதிரையில், மடித்த நோட்டீசை விசிறியாக்கிக்கொண்டு, அவர் முன்னதாகவே எழுந்தருளியிருப்பார். முதல் வரிசை, வாழ்த்துரை வழங்கிவிட்டு எழுந்து போகிற பிரமுகர்களுக்கானது. அதிலே அவருக்கு ஆசையில்லை.

துறைமுகக் கந்தோரிலே, வரவிருக்கும் கப்பல்களின் பெயர்களை அவை வருமுன்னரே பேரேட்டில் பதிந்து வைப்பதை ஜீவனோபாயமாகக் கொண்டு ஓய்வு பெற்றவராதலால், தமக்கு முன்னறிவித்தல் இன்றி உலகில் எதுவும் நிகழலாகாது என்பது அவருடைய சித்தாந்தம். திரை விலகி, கதாநாயகி கோப்பையும் கையுமாகப் பிரவேசிக்கும்போதே, பக்கத்திலிருப்பவரின் முழங்கையைத் தொட்டு, "இப்ப பார் தம்பி, தேத்தண்ணியை மாப்பிள்ளையின்ரை வேட்டியிலை ஊத்தப் போறாள்" என்பார். அவளும் ஊற்றுவாள். "அந்தக் கிழவர் காது கேளாதவர் எண்டது பொய், பிறகு விளங்கும்" என்பார். பிறகு விளங்கும். இரகசியம் சொல்வதாகவே அவர் பாவிக்கிறார்; ஆனால் இரைச்சல் நிறைந்த இறங்குதுறையில் பழகிய குரல் இரகசியத்துக்கு இசைவதில்லை. தப்பித் தவறி அவர் சொன்னது நடவாமற்போனாலோ, பிழை அவருடையதாகாது. "எழுதினவனுக்கு விஷயம் காணாது" என்று தீர்ப்பளித்துவிட்டு, நாடகம் எவ்வாறு சென்றிருக்க வேண்டும் என்பதை அடுத்த காட்சி முழுவதும் விஸ்தாரமாக எடுத்துரைப்பார்.

போதாக்குறைக்கு, மூட்டு வைத்தியத்துக்கென்று ஒரு கோடையிலே சென்னைக்குச் சென்றவர், கார்த்திக் பைன் ஆர்ட்ஸ் சபையார் நடத்தும் கோடை நாடக விழாவையும் தரிசித்துத் திரும்பினார். புதிய நாடகங்களை மாலைதோறும் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேற்றுகின்ற அவ்விழாவைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. காரணத்தை நான் ஊகித்தே அறிந்தேன். 2019இல் மறைந்த ஹாஸ்ய நாடகாசிரியர் கிரேசி மோகன் பழக்கிவிட்ட வேகத்திலே, ஒரு சிலேடைக்குச் சிரித்து வாயை மூடுமுன் மற்றொன்றை எறிகின்ற அந்நகரத்து நடிகர்களை எவராலும் முந்த இயலாது. அங்கே வாய்பேசாதிருந்த விரதத்தின் பாரணையை அவர் இங்கே நடத்துகிறார்.

கதை முடிவை அறிந்திருப்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆடிய காலத்தில், சந்திரமதியின் கழுத்துத் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மாத்திரமே தெரியும் என்பதை அறியாதவர் சபையில் ஒருவரேனும் இருந்திருப்பாரா? அறிந்துகொண்டேதான் விடிய விடிய இருந்து அழுதார்கள். கூத்துக் களரியிலோ, அண்ணாவியார் பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுப்பது முறையே ஆகும். ஆனால் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் 'நானாடகம்' என்ற தொகுதியை அச்சிட்டு, வீட்டுத் திண்ணைப் பேச்சையே நாடகத் தமிழாக்கிக் காட்டிய நாள் தொட்டு, நம்மவரின் சமூக நாடகத்துக்கு வேறொரு தர்மம் ஏற்பட்டுவிட்டது. புராணத்தின் பலமும் பாட்டின் பலமும் அற்ற ஒரு ஹாஸ்ய நாடகத்துக்கு, அடுத்த வார்த்தை என்னவென்று சபை அறியாதிருக்கும் அந்த ஒரு கணமே மூலதனம். அதைத்தான் இவர் இரண்டாம் வரிசையிலிருந்து கொள்ளையடிக்கிறார்.

அவர் கெட்ட மனிதரல்லர். சனம் வராத நாளிலும் வருகிறார். மின்விசிறி நின்றுபோனாலும் எழுந்திரார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் சென்று, வியர்வையில் அரிதாரம் வழிகிற பிள்ளைகளின் தோளைத் தட்டி, "நல்லாச் செய்தனீங்கள்" என்று சொல்லாமல் வீடு திரும்புவதுமில்லை. ஆகையால் கொஞ்சக் காலம் நான் பொறுத்திருந்தேன்.

சென்ற தடவை பொறுக்க முடியவில்லை. காதலன் அலுமாரிக்குள்ளே ஒளிந்திருக்கிறான், தகப்பனார் அதன் கதவிலே சாய்ந்துகொண்டு மகளின் ஒழுக்கத்தைப் புகழ்கிறார், மண்டபம் மூச்சடக்கியிருக்கிறது. "இப்ப உள்ளுக்கை இருந்து தும்முவான்!" என்றார் நம்மவர். சபை கொல்லென்று சிரித்தது, அவருக்கு. அந்தச் சிரிப்பு ஓய்ந்த பின்பு பையன் தும்மினான். ஒருவரும் சிரிக்கவில்லை. பாவம், கேட்கவில்லையோ என்றெண்ணி மறுபடியும் தும்மினான். சீனக்குடாவிலே பகல் வேலை முடித்து, இருட்டிய பின் உட்துறைமுக வீதியால் சைக்கிள் மிதித்து வந்து, அந்த ஒரு தும்மலை ஒத்திகை பார்த்த பையன் அவன். அலுமாரி ஒட்டுப்பலகையால் ஆனது. உள்ளே காற்றும் இல்லை.

இதைக் கேலியாக எழுத எனக்கு இப்போது மனமில்லை. நாடகக்காரருக்கு ஒரு விண்ணப்பம் மாத்திரம் உண்டு. அவருக்கு நீங்கள் அனுப்புவது இனாம் சீட்டு. நான் காசு கொடுத்து வருகிறேன். அடுத்த நாடகத்தில் அவருக்கும் ஒரு வேஷம் கொடுங்கள். அலுமாரிக்குள் ஒளிந்திருக்கும் வேஷமாக இருக்கட்டும். வசனம் வேண்டாம், தும்மலும் வேண்டாம், கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் வெளியே இருக்கட்டும்.