மோட்டார் கம்பெனியார் சமுகத்துக்கு ஒரு விஞ்ஞாபனம்

மகாகனம் பொருந்திய மோட்டார் கம்பெனியாரின் திவ்விய சமுகத்துக்கு,

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் வசிப்பவனும், முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனும், அந்த உத்தியோகத்தின் பலனாகக் கிடைத்த பணிக்கொடையில் பெரும்பகுதியைத் தங்கள் ஸ்தாபனத்தின் கார் ஒன்றுக்குக் காணிக்கையாகச் செலுத்தியவனுமாகிய அடியேன், சகல மரியாதைகளுடனும் எழுதிக்கொள்வது. தங்கள் திருநாமத்தை இக்கடிதத்தில் எங்கும் நான் குறிப்பிடவில்லை. கணவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு; தங்கள் விஷயத்தில் அந்த மரியாதையை நானும் அனுசரிக்கிறேன். தவிரவும், தங்களிடம் வக்கீல்கள் அதிகம்.

சென்ற ஆடிப்பூரத்தன்று, ஆண்டாளின் தேரைச் சேவிக்க வேண்டுமென்று குடும்ப சமேதராய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். பதினொரு நிலை ராஜகோபுரம் கண்ணில் பட்டு, நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே க்ஷணத்தில், வானத்தில் மேகம் என்று சொல்வதற்கு ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லாத அந்த வெயிலில், காரின் வைப்பர் தானாக எழுந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியது. அடுத்து நான்கு மூலை விளக்குகளும் கண் சிமிட்டின. பின்பக்கத்துக் கண்ணாடி ஒன்று பாதி இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு ஆரன் அலறிற்று. அலறியது நிற்கவே இல்லை. முன்னே போய்க்கொண்டிருந்த ஜனங்கள் யாரோ மந்திரி வருகிறார் என்றெண்ணி ஒதுங்கி வழிவிட்டார்கள். அரை நிமிஷம் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது என்பதை ஒளிப்பானேன்? போலீஸ்காரர் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, சாமிக்கு மேளக்காரங்க இருக்காங்க. நீங்க ஆரனை நிப்பாட்டுங்க” என்றார். “தம்பி, நான் அடிக்கலை” என்றேன். “பின்னே யாரு அடிக்கிறது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் விடை இல்லை.

இன்றைக்கு இருக்கிறது. அடித்தது, பாடி கண்ட்ரோல் மாட்யூல்.

இந்த நாமதேயத்தை ராஜபாளையத்து எலக்ட்ரீசியன் முதன்முதலில் உச்சரித்தபோது பக்கத்தில் இருந்த என் மனைவி, “உடம்பைக் கட்டுப்படுத்தச் சொல்லி டாக்டர் இவுகளுக்குத்தானே சொன்னாரு, காருக்கு எதுக்கு?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். அந்தப் பையன் எட்டாம் வகுப்பில் என்னிடம் இலக்கணம் படித்து, இலக்கணத்தில் தேறாமல் வயரிங்கில் தேறியவன். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே விளக்கினான். அந்தக் காலத்துக் காரில் பொத்தானை அமுக்கினால் மின்சாரம் கம்பி வழியாக ஓடிப்போய் ஆரனை அடிக்கும்; இக்காலத்துக் காரில் பொத்தான் ஆரனை அடிப்பதில்லை, ஆரனை அடிக்கும்படி இந்தப் பெட்டிக்கு மனுச் செய்துகொள்கிறது; பெட்டி மனுவைப் பரிசீலித்து உத்தரவு கொடுக்கிறது. விளக்கு, வைப்பர், கதவுப்பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதுவே கச்சேரி. பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முறுக்கிய இரண்டு கம்பிகள் போதும் என்ற ஏற்பாட்டை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டதாம். செம்புக் கம்பி மூட்டை மூட்டையாக மிச்சமாயிற்றாம். நல்ல காரியம். ஆனால் ‘நான் ஆரன் அடித்தேன்’ என்ற செய்வினை வாக்கியம் அன்றோடு வழக்கொழிந்து, ‘ஆரன் அடிக்கப்பெற்றது’ என்ற செயப்பாட்டு வினை ஆட்சிக்கு வந்துவிட்டதை எந்த இலக்கண ஆசிரியனும் கவனியாமற் போனோம்.

வியாதிக்குக் காரணம் எங்கள் வீட்டு வேப்பமரம். அதைத் தங்கள் தலையில் சுமத்த நான் வரவில்லை. வைப்பர் படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே மழைநீர் வடிய ஒரு கால்வாயும், அதன் ஓரங்களில் துவாரங்களும் வைத்திருக்கிறீர்கள். மாசியில் உதிர்ந்த சருகு துவாரத்தை அடைத்தது. சித்திரையில் பெய்த கோடைமழை வடிய வழியின்றிக் காற்று வரும் வாய் வழியாக உள்ளே புகுந்து, நேரே அந்தப் பெட்டியின் சிரசில் அபிஷேகமாயிற்று. திறந்து பார்த்தால், கவனிப்பாரற்ற செம்பு விக்கிரகத்தைப்போல் உள்ளே பச்சைக் களிம்பு. காருக்கே தலைமைக் காரியாலயமாகிய ஒன்றைத் தண்ணீர் ஒழுகும் வழியில் எதற்காக ஸ்தாபித்தீர்கள் என்று மட்டும் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் குளக்கரையில் கூரை போட்டவனைக்கூட இப்படித்தான் கேட்போம்.

பையன் ஸ்பிரிட் போட்டுக் கழுவிப் பார்த்தான். அதற்குப் பிறகு பெட்டி கண் விழிக்கவே இல்லை. மதுரையில் உடைப்புக்குப் போன அதே ரகக் கார் ஒன்றிலிருந்து வேறொரு பெட்டி வாங்கி வந்தான். அதே அளவு, அதே நிறம், அதே ஊசிகள். மாட்டியதும் விளக்கு எரிந்தது. நான் மகிழ்ந்து சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஒரு முறை கனைத்து அணைந்தது. மீட்டர் பலகையில் சிவப்பாக ஒரு சாவிப் படம் வந்து என்னைப் பார்த்து மின்னியது. “பெட்டிக்கு உங்களைத் தெரியலை, வாத்தியாரய்யா” என்றான் பையன். சாவியின் தலைக்குள்ளே ஒரு சில்லு இருக்கிறதாம். அதன் ரகசிய எண் பெட்டியிலிருக்கும் எண்ணோடு பொருந்தினால்தான் இன்ஜினுக்கு அனுமதியாம். பழைய பெட்டியிலிருந்து ஞாபகம் இருக்கும் எட்டுக்கால் சில்லை மட்டும் பெயர்த்துப் புதியதில் பற்றவைத்தும் பார்த்தான். சில ரகங்களில் அது பலிக்குமாம். தங்கள் ரகத்தில் ஞாபகத்துக்கும் உள்ளே ஒரு பூட்டு. ஸ்கேனர் வியாதியின் பேரை அட்சரம் பிசகாமல் சொல்லிற்று. பரிகாரம் எழுதும் கட்டம் வந்ததும், கம்பெனியின் கடவுச்சொல்லைக் கேட்டு வாயை மூடிக்கொண்டது.

எங்கள் பிரதேசத்தின் கீர்த்திகளில் ராஜபாளையம் நாயும் ஒன்று என்பதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். 2005-இல் தபால்தலையில்கூட இடம் பெற்றது. சோறு போட்டவனை அது மறப்பதில்லை. அந்நியன் வாசலுக்கு வந்தால் எஜமானன் குரல் கொடுக்கும் வரை விடுவதுமில்லை. தங்கள் கார் ஏறக்குறைய அதே ஜாதிதான், வித்தியாசம் ஒன்றே. பெட்ரோல் நான் போடுகிறேன், காப்பீடு நான் கட்டுகிறேன், குளிப்பாட்டுவதும் நானே; ஆனால் அது வாலாட்டுவது எந்த ஊரிலோ இருக்கும் தங்களுடைய ஒரு கணினிக்கு.

திருட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று தாங்கள் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. கம்பியைத் தொட்டுத் தொட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பழைய திருடர்களின் பிழைப்பு இதனால் கெட்டதென்னவோ வாஸ்தவம். ஆனால் பதிவுச் சான்றிதழ், ஆதார், வாங்கிய ரசீது எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உரிமையாளனையும், அவன் அழைத்து வந்த தொழிலாளியையும் திருடனுடைய வரிசையிலேயே நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

முன்பு ஒரு வண்டி இருந்தது. உத்தர்பாராவில் செய்த அம்பாசடர். பெரிய மனிதரும் ஏறினார், வாடகைக்காரரும் ஏறினார். நடுவழியில் நின்றால் எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் ஒரு சுத்தியலும் ஒரு ஸ்பானரும் அதற்கு வைத்தியம் பார்த்தன. 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி, டில்லியில் இந்தியப் போட்டி ஆணையம், 2011-இல் மூன்று கம்பெனிகளின் பேரில் வந்த ஒரு புகாரை விரிவாக விசாரித்து, உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்தார்கள் என்ற குற்றத்துக்காகப் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றைத் தாராளமாகக் கிடைக்கச் செய்யுங்கள் என்றும், வெளியே பழுதுபார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக எவனுடைய வாரண்டியையும் ரத்துச் செய்யாதீர்கள் என்றும் உத்தரவிட்டது. (அந்தப் பதினான்கில் அம்பாசடரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று, சுத்தியலுக்கு அடங்கிய வண்டியைச் செய்தவர்களுமா என்று நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.) பிறகு மேல்முறையீடுகள் புறப்பட்டன; 2016-இல் தீர்ப்பாயம், தன் முன் வந்த வேறு மூன்று கம்பெனிகளின் குற்றத்தை உறுதிசெய்து அபராதத்தைக் குறைத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று அழகாகப் பேரிட்டு ஒரு குழுவை நியமித்தது. மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஜனங்கள் இதே உரிமைக்காக 2012-இலும் 2020-இலும் வாக்குச்சீட்டே போட்டார்கள். இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு காலம் யோசித்த சங்கதி, சோழபுரத்து வேப்பமரத்தடிக்கு வந்துசேரும்போது ‘கடவுச்சொல் தேவை’ என்ற இரண்டே வார்த்தைகளாகச் சுருங்கிவிட்டது.

தங்கள் மதுரைக் கிளையில் விசாரித்தேன். மிகுந்த பணிவுடன் பேசினார்கள். வேறு காரின் பெட்டி ஆகாதாம், புதிய பெட்டி வர ஆறு வாரமாம். வந்தபின் அதில் என் காரின் எண்ணையும், எந்தெந்த அங்கங்கள் உண்டென்பதையும், சாவிகளின் ஜாதகத்தையும் எழுதவேண்டுமாம். எழுதுகிறவர் கார் இருக்குமிடத்துக்கு வரமாட்டாராம், எண்பது கிலோமீட்டருக்கு மேல் காரை வேறொரு வண்டியின் முதுகில் ஏற்றி நான்தான் கொண்டுவர வேண்டுமாம். எழுத எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். இருபது நிமிஷமாம்.

அன்று ஆரனோடு மல்லுக்கட்டிய அமளியில் தேரை நான் சரியாகச் சேவிக்கவில்லை. ஆயினும் ஒன்றைப் பார்த்தேன். அத்தனை பெரிய தேர் மூலை திரும்பும்போது, சக்கரத்தின் அருகிலேயே குனிந்தபடி ஓடிய சிலர், மரக்கட்டையைச் சமயமறிந்து கொடுத்துக் கொடுத்து அதைத் திருப்பினார்கள். அதற்கும் முட்டுக்கட்டை என்றுதான் பேர். தேர் நகருவதற்காக அதைப் போடுகிறார்கள், போட்டவரே எடுக்கிறார். தாங்கள் போட்டதைத் தாங்களேனும் எடுக்கவேண்டாமா?

இப்போது புரட்டாசி. கார் வேப்பமரத்தடியிலேயே நிற்கிறது. ஆடிப்பூரத்தன்று பாதி இறங்கிய பின்கண்ணாடி இன்னும் ஏறவில்லை. அதன்மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டி வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அடைமழை தொடங்குவதற்கு முன், எலக்ட்ரீசியன் பையனுக்கு அந்தக் கடவுச்சொல்லைத் தெரிவிக்க அனுக்கிரகிக்க வேண்டும்; அதற்கு உரிய கட்டணம் எவ்வளவென்றாலும் ரசீதின்பேரில் செலுத்தச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் காரைத் தன்னுடையது என்று எண்ணியிருந்த,
சோழபுரத்து வாத்தியார்