முழுத்திரையா, ஜன்னலா?

கேள்வி: கம்ப்யூட்டரில் கேம் ஆட முழுத்திரை நல்லதா, ஜன்னலா?
– ஒரு வாசகர், மஞ்சக்குட்டை, ஏற்காடு

பதில்: ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! சரி, கேட்டுவிட்டீர்கள்.

அசல் முழுத்திரையில் மானிட்டரே ஆட்டத்தின் கைக்குப் போய்விடும். ஜன்னலில் ஆடினால் படம் விண்டோஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேம் பிந்தினாலே சுமார் 17 மில்லி விநாடி. துப்பாக்கி ஆட்டத்தில் ஆள் காலியாக அது போதும். சீட்டாட்டத்தில் யாருக்குக் கவலை? இப்போது விண்டோஸ் 11-ல் இந்தத் தாமதத்தைக் குறைக்கவே ஒரு செட்டிங் இருக்கிறது.

லேப்டாப் பழசா? முழுத்திரையில் ரெசல்யூஷனைக் குறைத்து ஆடுங்கள், திணறாது. 1999-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ போன்றவற்றில் பாதியில் வெளியே வந்தால் டெஸ்க்டாப் ஐகான்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அது வேறு தொல்லை.

என் ஓட்டு, விளிம்பில்லாமல் திரை முழுக்க விரியும் பார்டர்லெஸ் ஜன்னலுக்கு. அப்பா வரும் செருப்புச் சத்தம் கேட்டு ஆல்ட்-டேப் அழுத்தினால், அசல் முழுத்திரை கறுத்துப்போய் யோசித்து உங்களைக் காட்டிக்கொடுக்கும். பார்டர்லெஸ் கண்ணிமைப்பதற்குள் கணக்குப் பாடத்துக்கு மாறிவிடும்.